தைமோமா எடுத்தாச்சு, எம்ஜி போகவில்லை: இனி பத்து, இருபது வருடம் எப்படி இருக்கும்?

பவானிக்கரை:
வணக்கம். தங்கைக்காக எழுதுகிறேன். வயது 29, பள்ளி ஆசிரியை. முதலில் ஒரு பக்க இமை தொங்கியது, கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றினோம். அப்புறம் சாயங்காலம் ஆனால் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது, சாப்பிடும்போது தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் மெல்லுவாள். ரத்தத்தில் நரம்பு-தசைத் தொடர்பைத் தாக்கும் அசிடைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி பாசிட்டிவ், மயஸ்தீனியா (சுருக்கமாக எம்ஜி) என்ற தசைச் சோர்வு நோய் என்றார்கள். சிடி ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பியில் 5 செ.மீ. கட்டி. நாலு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'தைமோமா, பி2 வகை, மசவோகா-கோகா இரண்டாம் நிலை, வெட்டிய விளிம்புகளில் கட்டி இல்லை' என்று இருக்கிறது.

கட்டி போனதும் மயஸ்தீனியாவும் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டோம். இன்னும் சாயங்காலம் இமை இறங்குகிறது, தசைக்குத் தெம்பு தரும் மெஸ்டினான் மாத்திரையும் ஸ்டீராய்டும் அப்படியே ஓடுகின்றன. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "ஆபரேஷன் பண்ணியும் ஏன் மாத்திரை, சரியாக எடுக்கவில்லையோ" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள், அவள் ராத்திரி அழுகிறாள். நெட்டில் படித்தால் ஒரு இடத்தில் 'புற்றுநோய்' என்கிறான், இன்னொரு இடத்தில் 'ஆபத்தில்லாத கட்டி' என்கிறான். இவளுக்கு இனிமேல் எப்படி இருக்கும்? கட்டி திரும்ப வருமா? கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்குமா? அனுபவப்பட்டவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:
தம்பி, எனக்கு 2009-ல் தைமோமா எடுத்தார்கள். நெஞ்செலும்பைப் பிளந்துதான் செய்தார்கள். இப்போதும் வேலைக்குப் போகிறேன், டூவீலர் ஓட்டுகிறேன், பொண்ணு கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினேன். முதலில் இதைத் தங்கச்சியிடம் காட்டுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டியின் கணக்கு வேறு, எம்ஜியின் கணக்கு வேறு. ஒன்று நன்றாக இருக்கும்போது இன்னொன்று மோசமாக இருக்கலாம். ஆபரேஷன் சரியாகச் செய்தார்களா என்பதை இமையைப் பார்த்துச் சொல்ல முடியாது, பயாப்சி ரிப்போர்ட்தான் சொல்லும். விளிம்பில் கட்டி இல்லை என்று எழுதியிருக்கிறதே, நீங்கள் ரொம்ப எதிர்பார்த்திருக்க வேண்டிய வரி அதுதான். கட்டி முழுசாக வந்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் பிற்காலமே அமையும். சொந்தக்காரர்களிடம் அந்த வரியைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுங்கள்.

எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வருடம் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடத்திலிருந்துதான் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். இன்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோபிரின் மட்டும், கூட எப்போதாவது ஒரு மெஸ்டினான். மாத்திரையே இல்லாத நிலை எனக்கு வரவில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நெஞ்சறை:
நான் நெஞ்சக அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கும் மருத்துவன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் தங்கைக்கான முடிவை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

மயஸ்தீனியா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு தைமோமா இருக்கும். திருப்பிப் பார்த்தால், தைமோமா வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா இருக்கும். எம்ஜியும் சேர்ந்திருந்தால் ஆயுள் குறைவு என்று ஒரு காலத்தில் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. அன்று மயஸ்தீனியாவின் மூச்சுத் திணறலிலேயே பலர் இறந்தார்கள். இன்று வென்டிலேட்டர், ஐவிஐஜி (நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து), ரத்தத்திலிருந்து கெட்ட ஆன்டிபாடியை நீக்கும் பிளாஸ்மா மாற்றம் எல்லாம் வந்த பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை. சொல்லப்போனால் இமை தொங்குவதால்தான் பலருக்குக் கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படுகிறது. எம்ஜி இல்லாதவருக்கு அது இதயத்தையோ நுரையீரலையோ அழுத்தும்வரை தெரியாமலே வளரும்.

'புற்றா, இல்லையா' என்று கேட்டீர்கள். தைமோமா எல்லாவற்றையும் இன்று புற்று வகையாகத்தான் எண்ணுகிறார்கள், ஆனால் மற்றப் புற்றுகளின் வேகம் இதற்கு இல்லை. மசவோகா-கோகா என்பது கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் அளவுகோல். கட்டி தன் உறைக்குள்ளேயே இருந்தால் முதல் நிலை. உறையைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் நுழைந்திருந்தால் இரண்டு. நுரையீரல், பெரிய ரத்தக் குழாய், இதய உறை என்று பக்கத்து உறுப்பைப் பிடித்திருந்தால் மூன்று. நெஞ்சறைக்குள் விதை தெளித்த மாதிரி சிதறியிருந்தாலோ நிணநீர்க் கணுவுக்கோ தூரத்துக்கோ போயிருந்தாலோ நான்கு. முதல் இரண்டு நிலைகளில் முழுசாக எடுக்கப்பட்டவர்களில் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் 80 முதல் 90 சதவீதம். மீதிப் பேரிலும் பலர் வயதாலும் வேறு நோயாலும் போனவர்கள், கட்டியால் போனவர்கள் கொஞ்சம்தான். மூன்றாம் நிலையில் இது சுமார் 70-க்கு இறங்கும், நான்கில் இன்னும் கீழே. 29 வயதில் இரண்டாம் நிலை, விளிம்பு சுத்தம் என்பது நல்ல இடம்.

பி2 என்பது நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் தோற்றத்தை வைத்துச் சொல்வது. ஏ, ஏபி, பி1 சாதுவானவை, பி2, பி3 திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடியவை. இரண்டாம் நிலைக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவையா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அதனால் ஒரு மருத்துவமனை வேண்டும் என்று சொல்லி இன்னொன்று வேண்டாம் என்று சொன்னால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி டாக்டர். கதிர்வீச்சு வேண்டாம் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்தக் கட்டிதானே நோயை உண்டாக்கியது? அதை எடுத்த பிறகும் உடம்பு ஏன் அதே ஆன்டிபாடியைச் செய்துகொண்டிருக்கிறது?

நெஞ்சறை:
நல்ல கேள்வி. தைமஸ் என்பது டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய செல்களை அங்கேயே கழித்துவிடும். தைமோமாவில் அந்தக் கழிக்கும் வேலை ஒழுங்காக நடப்பதில்லை, தவறாகப் பழகிய செல்கள் ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. கட்டியை எடுக்கும் நாளுக்கு ரொம்ப முன்னாலேயே அவை நிணநீர்க் கணுக்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் போய்க் குடியேறிவிட்டன. ஆன்டிபாடி செய்யும் செல்களில் சில வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆபரேஷன் புதிதாக வருவதை நிறுத்தும், ஏற்கெனவே குடியேறியதைத் தொடாது. அவற்றை அடக்கத்தான் ஸ்டீராய்டும் அசாதையோபிரினும்.

எம்ஜி அறிகுறியே இல்லாமல் தைமோமா எடுத்துக்கொண்ட சிலருக்குச் சில மாதமோ வருடமோ கழித்துப் புதிதாக எம்ஜி வருவதும் இதனால்தான். ஆகவே நெஞ்சின் முன்பகுதியில் கட்டி என்றால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கத்தி வைப்பதற்கு முன் இந்த ஆன்டிபாடியைப் பார்த்துவிட வேண்டும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்துவிட்டு வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் தவிப்பது எல்லோருக்கும் கஷ்டம்.

காவிரிமைந்தன்:
இடையில் புகுந்து சொல்கிறேன். 2016-ல் வந்த பெரிய ஆய்வில் தைமஸை எடுத்தவர்களுக்கு மூன்று வருடத்தில் ஸ்டீராய்டு தேவை நன்றாகக் குறைந்தது என்று இருக்கிறதே? அப்படியானால் இவர் தங்கைக்கும் ஆறு மாதத்தில் குறைக்கலாமே. ஸ்டீராய்டு இளம் பெண்ணுக்கு நல்லதில்லை.

நெல்லைச்சீமை:
அந்த ஆய்வில் தைமோமா உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. 126 பேர், எல்லோரும் கட்டி இல்லாமல் எம்ஜி மட்டும் இருந்தவர்கள். அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்கக் கூடாது. கட்டியோடு வந்த எம்ஜி பொதுவாகக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மருந்தே இல்லாத நிலைக்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் குறைந்த மருந்தில் இயல்பாக வாழ்கிறவர்கள் நிறைய. தயவுசெய்து இங்கே படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டைத் தானாகக் குறைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திப் பொங்கலன்று ஐசியூவில் கிடந்தான்.

மார்கழிக்கோலம்:
நான் செவிலியர், எம்ஜி நோயாளியும்கூட. காவிரிமைந்தன் சகோ சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஸ்டீராய்டை வருடக்கணக்கில் அதிக அளவில் ஓட்டக் கூடாது. அதற்காகத்தான் அசாதையோபிரின் போன்றதைக் கூடச் சேர்ப்பார்கள். அது வேலை செய்யவே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், அதுவரை ஸ்டீராய்டு தாங்கிப் பிடிக்கும். இந்த இடைக்காலத்தில்தான் பாதிப் பேர் பொறுமை இழந்து மருத்துவரை மாற்றுவார்கள்.

அசாதையோபிரின் ஆரம்பிக்கும்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையை முதலில் அடிக்கடி பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களில் சிலருக்கு என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும், அவர்களுக்குச் சாதாரண அளவிலேயே வெள்ளை அணுக்கள் தடாலென்று இறங்கும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனை. ஸ்டீராய்டு போகிறவரை சர்க்கரை, பிரஷர், எலும்பின் அடர்த்தி மூன்றையும் கவனியுங்கள்.

இன்னொன்று, பவானிக்கரை அண்ணா, இது மிக முக்கியம். எம்ஜியில் உயிருக்கு ஆபத்து வருவது மூச்சுத் தசை சோர்வதால். வீட்டில் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது கடைசியில்தான் இறங்கும். அவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, ஆழமாக மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நலமாக இருப்பவர் 50 பக்கம் போவார். அவருடைய நல்ல நாளில் எத்தனை வருகிறது என்று குறித்து வையுங்கள். அது இறங்கிக்கொண்டே வந்து 20-ஐ ஒட்டி நின்றாலோ, மல்லாந்து படுக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை, கஞ்சி மூக்கு வழியாக வருகிறது என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த நெருக்கடி பெரும்பாலும் நோய் வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் வரும், அதைத் தாண்டிவிட்டால் பயம் நிறையக் குறையும்.

வடமராட்சி:
வணக்கம், நான் யாழ்ப்பாணத்திலிருந்து. அப்பாவுக்கு இதே வருத்தம், ஆனால் மூன்றாம் நிலை. கட்டி நுரையீரலையும் இதய உறையையும் பிடித்திருந்தது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை. இங்கே எல்லோரும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எழுதும்போது எங்களைப் போன்றவர்களுக்கு மனது உடைந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

ஏழாவது வருடம் திரும்ப வந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் இரண்டு சின்ன முடிச்சு. அதற்கு முன்னம் சில கிழமையாக அப்பாவுக்குக் குளிசையின் அளவு போதாமல் வந்தது, தலையை நிமிர்த்த முடியவில்லை. காய்ச்சல் இல்லை, புது மருந்து இல்லை, கவலையும் இல்லை. டொக்டர் உடனே சிடி எடுக்கச் சொன்னபோது தேவையில்லாத செலவு என்று நினைத்தோம். அதில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த முடிச்சுகளையும் வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறார். திரும்ப வந்தால் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நெஞ்சறை:
வடமராட்சி எழுதியதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். முழுசாக எடுத்த பிறகும் மொத்தமாகப் பார்த்தால் பத்தில் ஒருவருக்கு என்ற அளவில் தைமோமா திரும்பலாம், முதல் நிலையில் மிகக் குறைவு, மூன்றில் அதிகம். பெரும்பாலும் வருவது நுரையீரல் உறையில்தான். ஐந்து வருடம் சுத்தமாக இருந்தால் குணம் என்று மற்றப் புற்றுகளில் சொல்வதை இங்கே சொல்ல முடியாது, பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. ஆனால் திரும்ப வந்ததையும் மறுபடி முழுசாக எடுக்க முடிந்தால் அதற்குப் பிறகும் நீண்ட காலம் வாழ்கிறார்கள்.

வழக்கமான கண்காணிப்பு என்பது முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, அப்புறம் வருடம் ஒன்று, பத்து வருடம் வரையாவது.

காவிரிமைந்தன்:
டாக்டர், 29 வயதுப் பெண்ணுக்குப் பத்து வருடத்தில் இத்தனை சிடி என்றால் அந்தக் கதிர்வீச்சே இன்னொரு நோயைக் கொண்டுவராதா? நான் சண்டைக்குச் சொல்லவில்லை, என் மனைவிக்கு இதே நிலை, அதனால்தான் கேட்கிறேன்.

நெஞ்சறை:
சரியான கேள்விதான். குறைந்த கதிர்வீச்சு அளவில் சிடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், இளம் பெண்களுக்கு சில வருடம் கழித்து இடையிடையே எம்ஆர்ஐ வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. முதல் நிலையாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம். அதையெல்லாம் பேசி முடிவு செய்யுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி ஒரேயடியாக ஸ்கேனை விட்டுவிடுவதைத்தான் நான் பயப்படுகிறேன். நரம்பு டாக்டரிடம் மாதா மாதம் போவார்கள், நெஞ்சு டாக்டரை மூன்று வருடமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். எம்ஜி அடங்கியிருந்தால் கட்டியும் அடங்கியிருக்கிறது என்று அர்த்தமில்லை.

வடமராட்சி:
இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். அப்பாவுக்கு நடுவில் ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியது. ரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கியது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு செய்யும் வேலை மட்டும் நின்றுபோய்விட்டதாம், இதுவும் தைமோமாவோடு சேர்ந்து வருகிற ஒன்றாம். மருந்தில் சரியானது.

மார்கழிக்கோலம்:
ஆமாம், இதைப் பலர் சொல்வதே இல்லை. அதேபோல எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின் குறைந்துபோவதும் உண்டு. 1954-ல் ராபர்ட் குட் என்ற மருத்துவர் எழுதியதால் அவர் பெயரிலேயே குட் சிண்ட்ரோம் என்பார்கள். கட்டியை எடுத்தாலும் இது பெரும்பாலும் சரியாவதில்லை. அடிக்கடி நிமோனியா, சைனஸ், நிற்காத வயிற்றுப்போக்கு என்றால் 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறாய் அல்லவா, அதனால்தான்' என்று விட்டுவிடாமல் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆன்டிபயாட்டிக். தெரு முனை மெடிக்கலில் காய்ச்சல், சளி என்று போனால் அசித்ரோமைசினோ லெவோஃப்ளாக்சசினோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே எம்ஜிக்கு ஆகாது. ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் அப்படித்தான். பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம் இவற்றிலும் கவனம். மருந்துகளின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன், என் கணவர் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது.

பவானிக்கரை:
இத்தனை விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அக்கா, கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டிருந்தேன். வீட்டில் அம்மா அதை நினைத்துத்தான் உருகுகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதே பெரிய சண்டையாக இருக்கிறது.

மார்கழிக்கோலம்:
அண்ணா, எனக்குப் பையன் இருக்கிறான், இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். எம்ஜி வந்த பிறகுதான் பிறந்தான். குழந்தை பெறலாம், ஆனால் திட்டம் போட்டுப் பெற வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் மைகோஃபீனோலேட், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் கருவைப் பாதிக்கும், அதில் இருந்தால் கரு உண்டாவதற்கு முன்பே டாக்டர் மாற்றிவிடுவார். மெஸ்டினானும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் பொதுவாகத் தொடரலாம், அசாதையோபிரினையும் பலருக்குத் தொடர்கிறார்கள். முதல் மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்களும் எம்ஜி கூடலாம். பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு என்ற அளவில் தாயின் ஆன்டிபாடி போய்ச் சில வாரம் பால் குடிக்கச் சிரமப்படும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். அதனால் குழந்தை டாக்டர் இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம். பிரஷர் ஏறினால் வழக்கமாக ஏற்றும் மெக்னீசியம் சல்பேட் இவருக்குக் கூடாது என்பதை பிரசவ டாக்டரின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கட்டி பி2 என்பதால் முதல் இரண்டு வருட ஸ்கேன்களை முடித்துவிட்டு, ஸ்டீராய்டும் இறங்கிய பிறகு கருத்தரிப்பது நல்லது என்று என் அபிப்பிராயம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்துக் கல்யாணம் செய்தால் அவர் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும். வேளை தவறும். எம்ஜியில் வேளை தவறுவது விளையாட்டில்லை. என் கணவரிடம் முதல் நாளே ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தேன், ஒரு வாரம் கழித்து வந்தார். வராமல் போயிருந்தால் அதுவும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

நெல்லைச்சீமை:
மார்கழிக்கோலம் தங்கச்சி சொன்னது சத்தியம். இன்னொன்று, எங்கள் காலத்தில் இல்லாத மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. ரிட்டுக்சிமாப் நம் நாட்டிலேயே தயாராகிறது. 2017-ல் எக்குலிசுமாப், 2021-ல் எஃப்கார்டிகிமாட் எம்ஜிக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றன, விலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது. பிடிவாதமான எம்ஜிக்கு வழியே இல்லை என்ற நிலை மாறிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். 1934-ல் லண்டனில் மேரி வாக்கர் என்ற டாக்டர் ஒரு ஊசி போட்டு ஒரு பெண்ணின் இமையைத் தூக்க வைக்கும்வரை இந்த நோய்க்கு உருப்படியாக எந்த மருந்தும் கிடையாது. 1936-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பிளாலாக் இதே நோயுள்ள ஒரு இளம் பெண்ணுக்கு தைமஸ் கட்டியை எடுத்தார், அவளும் தேறினாள். அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள்.

நெஞ்சறை:
எச்சரிக்கை ஒன்று. வருங்காலத்தில் எந்தக் காரணத்துக்காவது, வேறு புற்றுக்கானாலும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்தை யாராவது பரிந்துரைத்தால், தைமோமாவும் எம்ஜியும் இருந்ததை முதலில் சொல்லுங்கள். தைமோமா உள்ளவர்களுக்கு அது இதயத் தசை அழற்சியையும் கடுமையான எம்ஜியையும் கிளப்பிவிட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போகும்போது இந்தப் பழைய கதை ஃபைலில் இல்லாமல் போகக் கூடாது.

பவானிக்கரை:
அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட். முதல் சிடி எப்போது, ரத்த அணு, இம்யூனோகுளோபுலின் எப்போது பார்ப்பது, அசாதையோபிரின் சேர்க்கலாமா என்று கேட்கப்போகிறேன். நேற்று அவளிடம் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், 38 வந்தது. காலண்டரில் எழுதிவைத்திருக்கிறேன். இந்த இழையை அவளே உட்கார்ந்து முழுசாகப் படித்தாள். மார்கழிக்கோலம் அக்காவிடம் தனியாகப் பேச முடியுமா என்று கேட்கச் சொன்னாள்.

மார்கழிக்கோலம்:
தாராளமாக. தனிச்செய்தியில் எழுதச் சொல்லுங்கள், இரவு எட்டுக்கு மேல் பேசலாம். பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, முதல் சிடியின் டிஸ்க் மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். கட்டியின் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டையும் கண்ணாடி ஸ்லைடும் பேதாலஜி லேபில் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, முடிந்தால் வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள், பின்னால் மறுபடி பார்க்க வேண்டிவந்தால் அது இல்லாமல் ரொம்பக் கஷ்டம்.